பாலும் பழமும் படமும், சேத்துப்பட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சியும்

1/
ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிஞ்சதும் எங்க வீட்டு ரிமோட் அம்மா கைக்குப் போயிடும். போன வாரம் ஒரு சேனல்ல "பாலும் பழமும்" ஓடிட்டு இருந்தது. நானும் பக்கத்துல உட்கார்ந்து முழுசா பார்த்தேன். படம் எப்படின்னு சொல்றேன். ஆனா இது வெறும் விமர்சனம் இல்லைங்க. அந்தப் படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு வரலாறு இருக்கு. அது நம்ம சென்னையில நடந்தது. நம்மில் பலருக்குத் தெரியாதது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா வாங்க.

2/
முதல்ல படம். 1961. இயக்கம் ஏ. பீம்சிங். அந்த ஒரே வருஷத்துல அவர் சிவாஜியை வெச்சு பாவ மன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும்னு மூணு படம் கொடுத்திருக்கார். இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி, பாட்டு கண்ணதாசன். பாட்டுகளைப் பத்தி நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. இன்னைக்கும் டீக்கடை ரேடியோவுல கேட்டா நடை தானா மெதுவாகும்.

3/
கதை சுருக்கம். சிவாஜி ஒரு டாக்டர். கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கணும்னு ராப்பகலா ஆராய்ச்சி. சரோஜாதேவி நர்ஸ். கல்யாணம் ஆகுது. சந்தோஷமா போயிட்டு இருக்கும்போது அந்தம்மாவுக்கு டிபி, அதாவது காசநோய். மனைவியைப் பார்த்துக்கறதுக்காக டாக்டர் ஆராய்ச்சியை விட்டுட்டு உட்கார்ந்துடறார். தன்னால அவர் லட்சியம் கெட்டுப்போகுதேன்னு அந்தம்மா வீட்டை விட்டே போயிடறாங்க. ரயில் விபத்துல இறந்துட்டாங்கன்னு செய்தி. சிவாஜிக்கு சௌகார் ஜானகியோட ரெண்டாவது கல்யாணம். அப்புறம் அவருக்குக் கண் பார்வை போகுது. வெளிநாடு போய் குணமாகித் திரும்பின சரோஜாதேவி, அவருக்கே நர்ஸா வர்றாங்க. அதுக்கு மேல நீங்களே பாருங்க.

4/
என் கருத்து: நடிப்பு எல்லாம் பிரமாதம். சௌகார் ஜானகிக்கு இன்னும் நியாயம் செஞ்சிருக்கலாம். இடைவேளைக்கு அப்புறம் தற்செயல்கள் கொஞ்சம் ஜாஸ்தி. ஆனா ஒரு மருத்துவரா என்னை உறுத்தினது ஒரே விஷயம்தான். டிபி வந்தா வீட்டை விட்டுப் போயிடணும், குணமாகணும்னா கடல் தாண்டணும்னு படம் போற போக்குல சொல்லிட்டுப் போகுது.

5/
படத்தைக் குறை சொல்லலைங்க. அன்னைக்கு ஊரே அப்படித்தான் நம்பிச்சு. டாக்டர்களும் அப்படித்தான் நம்பினாங்க. ஆனா வேடிக்கை என்னன்னா, அந்தப் படம் வெளிவர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1959ல, அந்த நம்பிக்கை தப்புன்னு எண்ணிக்கையோட நிரூபிச்சாச்சு. நிரூபிச்ச இடம் லண்டன் இல்லை, நியூயார்க் இல்லை. மெட்ராஸ் சேத்துப்பட்டு. கோடம்பாக்கத்துல இருந்து கூப்பிடு தூரம். டாக்டர் சிவாஜி ஒரு டாக்ஸி பிடிச்சு சேத்துப்பட்டு வரைக்கும் போயிருந்தார்னா படம் இன்டர்வல்லயே சுபம்.

6/
கொஞ்சம் பின்னாடி போவோம்.
காசநோய் கிருமியைக் கண்டுபிடிச்சதா ராபர்ட் காக் பெர்லின்ல அறிவிச்ச நாள் 1882 மார்ச் 24. அதனாலதான் இன்னைக்கும் மார்ச் 24 உலக காசநோய் நாள். கிருமி தெரிஞ்சிடுச்சு. ஆனா அதைக் கொல்ற மருந்து கைக்கு வர இன்னும் 60 வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த இடைப்பட்ட காலத்துல மருத்துவம் என்ன செஞ்சது? "நல்ல காத்து, நல்ல ஓய்வு, நல்ல சாப்பாடு." அவ்வளவுதான். அதுக்காகக் கட்டின இடம்தான் சானடோரியம். மலை, மரம், திறந்த வராண்டா, வரிசையா கட்டில், பால், முட்டை, பழம்.

7/
படத்தோட தலைப்பையே பாருங்க. பாலும் பழமும். கணவன் மனைவி பாசத்துக்காக வெச்ச பேரா இருக்கலாம். ஆனா ஒரு டிபி டாக்டர் காதுக்கு அது அந்தக் காலத்து சானடோரியம் சாப்பாட்டுப் பட்டியல் மாதிரிதான் கேட்கும்.

8/
நம்ம ஊர்லயும் ஒண்ணு இருந்தது. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துல நீங்க எத்தனை தடவை இறங்கியிருப்பீங்க? அது ஏன் அந்தப் பேருன்னு யோசிச்சதுண்டா? 1928ல டாக்டர் டேவிட் சௌரி முத்துங்கிறவர் அங்கே ஒரு காசநோய் சானடோரியம் தொடங்கினார். 1937ல அரசு அதை எடுத்துக்கிட்டது. இன்னைக்கும் அது அரசு நெஞ்சக மருத்துவமனையா ஓடிட்டு இருக்கு. நோயாளி இருந்த இடத்தோட பேரே ஸ்டேஷன் பேராயிடுச்சு.

9/
இந்த டாக்டர் முத்து அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல, மெண்டிப் குன்றுகள் பகுதியில ஒரு சானடோரியம் நடத்தினவர். அங்கே அவர்கிட்ட சிகிச்சைக்கு இருந்த ஒருத்தர் யார் தெரியுமா? கணித மேதை ராமானுஜன். ஞான ராஜசேகரன் 2014ல எடுத்த "ராமானுஜன்" படம் பார்த்தவங்களுக்கு அந்த இருமலும் குளிரும் ஞாபகம் இருக்கும். ராமானுஜனுக்கு இருந்தது டிபியே இல்லை, கல்லீரலைப் பாதிச்ச அமீபா தொற்றா இருந்திருக்கலாம்னு பின்னால வந்த மருத்துவர்கள் வாதிட்டிருக்காங்க. அன்னைக்கு டாக்டர்கள் டிபின்னு நினைச்சாங்க. 1920ல, 32 வயசுல, சேத்துப்பட்டுல ஒரு வீட்டில் அவர் இறந்தார். அதே சேத்துப்பட்டு. இந்தப் பேரை மனசுல வெச்சுக்கோங்க.

10/
வசதி இருக்கிறவங்க ஐரோப்பாவுக்கே போனாங்க. ஜவஹர்லால் நேருவின் மனைவி கமலா நேரு 1936 பிப்ரவரியில சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துலதான் காசநோயால இறந்தாங்க. ஆக, படத்துல சரோஜாதேவி வெளிநாடு போனது கதாசிரியர் கற்பனையில மட்டும் வந்தது இல்லை. பணக்கார வீட்டு டிபியோட பாதை நிஜத்துலயும் அப்படித்தான் இருந்தது.

11/
பணம் இல்லாதவங்க? புதுமைப்பித்தனை எடுத்துக்கோங்க. தமிழ்ச் சிறுகதையின் பெரிய பெயர். சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் "ராஜமுக்தி" படத்துக்காக புனேயில தங்கியிருந்தப்போ காசநோய் பிடிச்சது. 1948 ஜூன்ல திருவனந்தபுரத்துல இறந்தார். வயசு 42. இன்னும் நாலே வருஷம் தாக்குப்பிடிச்சிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம். ஏன்னு அடுத்த பதிவுல.

12/
1943ல அமெரிக்காவுல வாக்ஸ்மனின் ஆய்வகத்துல ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் மண்ணுல இருக்கிற ஒரு நுண்ணுயிரியிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பிரிச்சு எடுத்தார். டிபியைக் கொல்ற முதல் நல்ல ஊசி. ஆனா தனியா கொடுத்தா சில மாசத்துல கிருமி அதுக்குப் பழகிடுது. அடுத்து பாஸ் என்கிற மருந்து. 1952ல ஐசோநயாசிட். மாத்திரை. விலை குறைவு. வாயில போட்டு தண்ணி குடிச்சா போதும். ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தா கிருமி தப்பிக்க முடியலை. மனுஷ வரலாற்றுல முதல்முறையா டிபி குணமாகிற வியாதியாச்சு.

13/
இப்போ இந்தியாவோட பிரச்சினை. பல லட்சம் நோயாளிகள். சானடோரியம் படுக்கைகளோ அதுல ஒரு துளி. எல்லோருக்கும் படுக்கை கட்டணும்னா எத்தனை தலைமுறை ஆகும்? காத்திருப்போர் பட்டியல்ல பேர் இருக்கும்போதே ஆள் போயிடுவார். அப்போதான் ஒரு கேள்வி எழுந்தது. மருந்துதான் வேலை செய்யுதுன்னா, கட்டில் எதுக்கு? அதே மாத்திரையை வீட்டிலேயே கொடுத்தா என்ன?

14/
இன்னைக்குக் கேட்க சாதாரணமா இருக்கு. அன்னைக்கு இது விபரீதமான யோசனை. ரெண்டு பயம்.
ஒண்ணு: குடிசையில, அரை வயித்துச் சாப்பாட்டோட, வேலைக்கும் போயிட்டு இருக்கிற ஆளுக்கு மாத்திரை மட்டும் எப்படிக் குணப்படுத்தும்?
ரெண்டு: வீட்டிலேயே வெச்சிருந்தா பொண்டாட்டி பிள்ளைங்க எல்லோருக்கும் ஒட்டிக்குமே?
ரெண்டும் நியாயமான கேள்வி. வாய்ல வாதம் பண்ணி இதுக்குப் பதில் கிடைக்காது. செஞ்சு பார்க்கணும்.

15/
1956ல சேத்துப்பட்டுல காசநோய் மருந்து சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கிச்சு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், நாலு பேரும் சேர்ந்து. தலைமை ஏற்க இங்கிலாந்துல இருந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வந்தார். மீதி வேலையைத் தோள்ல சுமந்தது நம்ம ஊர் டாக்டர்கள், நர்ஸ்கள், ஆய்வகப் பணியாளர்கள், வீடு வீடா நடந்த சுகாதாரப் பார்வையாளர்கள். அவங்க பேர் எந்தப் படத்தோட டைட்டில் கார்டுலயும் வரலை.

16/
ஆராய்ச்சி இதுதான். மெட்ராஸ் நகரத்தின் ஏழை மக்கள்ல, சளியில கிருமி இருக்கிற 193 நோயாளிகள். யாரு சானடோரியம், யாரு வீடுன்னு டாக்டர் முடிவு பண்ணலை, நோயாளியும் முடிவு பண்ணலை. சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி, குருட்டாம்போக்குல பிரிச்சாங்க. பாதிப் பேர் சானடோரியத்துக்கு. பாதிப் பேர் அவங்கவங்க வீட்டுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து: ஐசோநயாசிட், பாஸ். ஒரே காலம்: 12 மாசம்.

17/
சானடோரியம் பக்கம் எல்லாமே இருந்தது. முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, சுத்தமான காத்து, ராத்திரி கூப்பிட்டா நர்ஸ்.
வீட்டுப் பக்கம்? ஒரே அறையில அஞ்சாறு பேர். சாப்பாடு கிடைச்ச அன்னைக்கு சாப்பாடு. கொஞ்சம் தெம்பு வந்ததும் ஆண்கள் வேலைக்குப் போனாங்க, பெண்கள் தண்ணி தூக்கினாங்க, அடுப்பு ஊதினாங்க. பால் இல்லை, பழம் இல்லை. வாரம் ஒருமுறை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிட்டுப் போகணும்.

18/
மாத்திரை கொடுத்தா சாப்பிடுவாங்கன்னு என்ன நிச்சயம்? அதுலயும் அந்த பாஸ் மருந்து லேசுப்பட்டது இல்லை. தினம் கிராம் கணக்குல முழுங்கணும். குமட்டும், வயித்தால போகும். அதனால சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினாங்க. சிறுநீர்ல மருந்து இருக்கான்னு சோதிச்சாங்க. நம்பிக்கை இல்லாம செய்யலைங்க. கணக்கு சரியா வரணும்னு செஞ்சாங்க. பின்னால உலகம் முழுக்க வந்த "கண் முன்னாடி மாத்திரை முழுங்கறது" என்கிற முறைக்கு விதை இங்கே போட்டதுதான்.

19/
ஒரு வருஷம் முடிஞ்சது. முடிவு?
நோய் அடங்கி, சளியில கிருமி இல்லாம போனவங்க சானடோரியத்துல 92 சதவீதம். வீட்டில் 86 சதவீதம்.
193 பேர்ல இந்த வித்தியாசம் தற்செயலாவே வரக்கூடிய அளவுதான். எடை கூடினது சானடோரியம் பக்கம் அதிகம். நல்லா சாப்பிட்டாங்க, கூடுச்சு. ஆனா கிருமியைக் கொன்ன விஷயத்துல குடிசை, சானடோரியத்துக்குப் பெருசா சளைக்கலை.
ஓய்வும் காத்தும் பாலும் பழமும் இல்லாமலே மாத்திரை வேலை செஞ்சது.

20/
ரெண்டாவது பயம்? அதாவது வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒட்டிக்குமேங்கிறது. ரெண்டு பக்கத்துக் குடும்பங்களையும் அஞ்சு வருஷம் தொடர்ந்து பார்த்தாங்க. நோயாளியை வீட்டிலேயே வெச்சிருந்த குடும்பத்துல புதுசா டிபி வந்தது, சானடோரியத்துக்கு அனுப்பின குடும்பத்தைவிட அதிகமில்லை.
காரணம் யோசிச்சா புரியும். நோய் பரவறது பெரும்பாலும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி, மாசக்கணக்கா இருமிட்டு இருக்கும்போது. மருந்து ஆரம்பிச்சதும் பரவும் தன்மை வேகமா குறைஞ்சிடுது. ஆக, மருந்து ஆரம்பிச்ச அப்புறம் ஆளைத் துரத்தறது திருடன் போனப்புறம் கதவைப் பூட்டற கதை.

21/
1959ல உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்விதழ்ல இது வெளியாச்சு. 1962ல இந்தியாவின் தேசிய காசநோய்த் திட்டம், நோயாளியை வீட்டிலேயே வெச்சு சிகிச்சை கொடுக்கிற முறையில வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகள்ல மேலை நாடுகள்லயும் சானடோரியங்கள் ஒண்ணொண்ணா மூடப்பட்டன. சில ஓட்டலாச்சு, சில வேற ஆஸ்பத்திரியாச்சு. சேத்துப்பட்டு மையம் இன்னைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அடுத்த தடவை அந்தப் பக்கம் பஸ்ல போகும்போது எட்டிப் பாருங்க.

22/
சினிமாவும் மாறிச்சு. டிபிக்கு மருந்து வந்ததும் அதால ஹீரோவைச் சாகடிக்க முடியலை. அடுத்த வருஷமே, 1962ல "நெஞ்சில் ஓர் ஆலயம்". வியாதி கேன்சர். 1982ல "வாழ்வே மாயம்". ரத்தப் புற்றுநோய். எந்த வியாதிக்கு மருந்து இல்லையோ அதுதான் திரையில ஹீரோவுக்கு வரும். இன்னைக்கு ரத்தப் புற்றுநோய்லயும் பல வகைகளுக்கு நல்ல சிகிச்சை இருக்கு. கதாசிரியர்கள் பாடு கஷ்டம்தான்.

23/
இதெல்லாம் பழைய கதை டாக்டர், இப்போ எதுக்குன்னு கேட்பீங்க. இப்போ என் கதைக்கு வர்றேன். பெருமைப்படற கதை இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். சென்ட்ரிங் வேலை பார்க்கிற ஒருத்தர், நாற்பது வயசு இருக்கும், டிபின்னு உறுதியாச்சு. மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, எல்லா டாக்டரும் சொல்ற மாதிரி சொன்னேன்: "மாத்திரை கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கும். தினம் பால், முட்டை, பழம் நல்லா சாப்பிடுங்க." தலையை ஆட்டினார். ரெண்டு மாசம் வந்தார். மூணாவது மாசம் வரலை.

24/
அஞ்சு மாசம் கழிச்சு வந்தார். அவர் மனைவி கைத்தாங்கலா கூட்டிட்டு வந்தாங்க. எடை 38 கிலோ. எனக்குக் கோவம். "ஏன் நிறுத்தினீங்க? உயிரோட விளையாடறீங்களா?"ன்னு சத்தம் போட்டேன். அவர் மெதுவா சொன்னார்:
"மாத்திரை சூடு சார். நீங்கதான பால் குடிக்கச் சொன்னீங்க. ரெண்டு மாசம் கடன் வாங்கிக் குடிச்சேன். அப்புறம் முடியல. பால் இல்லாம அந்தச் சூட்டை உள்ள ஏத்தினா உடம்பு தாங்காதுன்னு நிறுத்திட்டேன்."

25/
அவர் என் பேச்சை மீறலை. என் பேச்சை அப்படியே கேட்டதாலதான் நிறுத்தினார். பால் வாங்க முடியாதவனுக்கு இந்த மாத்திரை இல்லைன்னுதான் நான் சொன்னது அவர் காதுல விழுந்திருக்கு.
அதிர்ஷ்டம், அவர் கிருமி மருந்துக்குப் பழகலை. மறுபடி ஆரம்பிச்சு குணமாயிட்டார். ஆனா அந்த இடைவெளியில அவரோட ஒன்பது வயசுப் பொண்ணுக்குக் கழுத்துல கட்டி. நெறிகட்டுன்னு நினைச்சிருக்காங்க. அதுவும் டிபி. அந்தப் பிள்ளையும் குணமாயிட்டா. ஆனா அந்த ஆறு மாசம் அவ முழுங்கின ஒவ்வொரு மாத்திரையிலயும் என் பங்கு இருக்கு.

26/
சேத்துப்பட்டு ஆராய்ச்சியை நான் படிக்காம இல்லை. பரீட்சைக்குப் படிச்சேன். 193, 92, 86 எல்லாம் எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனா எதிர்ல உட்கார்ந்த மனுஷனுக்கு அதை ஒரே வரியில சொல்லத் தெரியலை: "ஐயா, பால் இல்லைன்னாலும் மாத்திரையை விடாதீங்க. கஞ்சி குடிச்சாலும் இது வேலை செய்யும்." அன்னையிலிருந்து ஒவ்வொரு டிபி நோயாளிகிட்டயும் முதல்ல இதைத்தான் சொல்றேன். சாப்பாட்டைப் பத்தி அப்புறம்தான்.

27/
அப்போ சாப்பாடு முக்கியமே இல்லையா? இங்கேதான் வரலாறு இன்னொரு திருப்பம் எடுக்குது.
2023ல ஜார்க்கண்ட் மாநிலத்துல நடந்த "ரேஷன்ஸ்" என்கிற ஆராய்ச்சி, லான்செட் இதழ்ல வந்தது. 2,800 நோயாளிகளின் குடும்பங்கள், 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாசாமாசம் உணவுப் பொருள். பாதிக் குடும்பங்கள்ல மத்தவங்களுக்கும் உணவுப் பொருளும் சத்து மாத்திரையும் கொடுத்தாங்க. அப்படிக் கொடுத்த குடும்பங்கள்ல புதுசா டிபி வந்தது சுமார் 39 சதவீதம் குறைஞ்சது. நுரையீரல் டிபி மட்டும் பார்த்தா 48 சதவீதம்.

28/
ரெண்டையும் சேர்த்துப் படிங்க.
1959: நோயாளியைக் குணப்படுத்த மாத்திரை வேணும். பால் இல்லைன்னு மாத்திரையை நிறுத்தக் கூடாது.
2023: ஆனா அடுத்தவருக்கு நோய் வராம இருக்கணும்னா அந்த வீட்டு அடுப்பு எரியணும்.
பாலும் பழமும் தப்பில்லைங்க. அது யாருக்குங்கிறதுதான் விஷயம். நோயாளி தட்டுல மட்டும் இல்லை, பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடற பிள்ளை தட்டுலயும் இருக்கணும். அதை வாங்கித் தர்ற பொறுப்பை நோயாளி தலையில கட்டக் கூடாது.

29/
இன்னொரு நேர்மையான குறிப்பு. வீடே போதும்னு சொல்லிட்டு கண்ணை மூடிக்கவும் கூடாது. ரொம்ப மெலிஞ்சு போனவங்க, மூச்சு வாங்கறவங்க, தாங்கலா பிடிக்காம எழுந்து நிற்க முடியாதவங்க, இவங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டாயம் வேணும். தமிழ்நாட்டுல 2022ல தொடங்கின காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைத்தான் செய்யுது. நோய் உறுதியானதுமே எடை, மூச்சு, நிற்க முடியுதான்னு பார்த்து, ஆபத்துல இருக்கிறவங்களைப் பிரிச்சு படுக்கையில சேர்க்கறாங்க. கட்டில் எல்லோருக்கும் வேண்டாம். வேண்டியவங்களுக்கு உடனே வேணும்.

30/
இப்போ உங்களுக்கு. இதை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.
ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலம் காய்ச்சல், எடை குறையறது, பசியின்மை, சளியில ரத்தம். இதுல எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்யுங்க. அரசு மருத்துவமனைகள்ல இலவசம்.
மருந்தும் இலவசம். வழக்கமான டிபிக்கு ஆறு மாசம். சிறுநீர் சிவப்பா போகும், பயப்படாதீங்க, அது மருந்தோட நிறம். கண் மஞ்சளானா, விடாத வாந்தி இருந்தா உடனே டாக்டரைப் பாருங்க. நீங்களா நிறுத்தாதீங்க.
சிகிச்சைக் காலத்துல மாசம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும். கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை.

31/
வீட்டுல இருக்கிறவங்களுக்கு: தனித் தட்டு, தனி டம்ளர் வேண்டாம். டிபி தட்டு வழியா பரவாது, காத்து வழியா பரவும். ஜன்னலைத் திறந்து வைங்க. முதல் சில வாரம் நோயாளி மாஸ்க் போடட்டும். வீட்டுல எல்லோரும், முக்கியமா குழந்தைங்க, பரிசோதனை செஞ்சுக்கோங்க. நோய் இல்லைன்னா தடுப்பு மருந்து உங்களுக்கும் உண்டு.
இன்னைக்கும் டிபின்னு தெரிஞ்சதும் மருமகளைப் பெட்டியோட அம்மா வீட்டுக்கு அனுப்பற குடும்பங்களை என் அறையிலேயே பார்க்கிறேன். அவங்கள்ல சிலர் எம்.எஸ்சி. படிச்சவங்க.

32/
படம் முடிஞ்சதும் நான் இந்தக் கதை எல்லாத்தையும் அம்மாகிட்ட சொன்னேன். கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம்,
"ஏண்டா, அப்போ அந்தப் பொண்ணு வீட்டை விட்டே போயிருக்க வேண்டாமா?"
"வேண்டாம்மா."
"எங்க அத்தையையும் அனுப்பியிருக்க வேண்டாம்."

எனக்கு அப்படி ஓர் அத்தைப்பாட்டி இருந்ததே அன்னைக்குத்தான் தெரியும். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துல இருமல்னு பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்காங்க. மாட்டுக்கொட்டகை பக்கத்துல தனி அறை. தூரத்துல நின்னுதான் சாப்பாடு வெப்பாங்களாம். எந்த வருஷம்னு கேட்டேன். அம்மா யோசிச்சுச் சொன்னாங்க: "நான் அஞ்சாவது படிச்சிட்டு இருந்தேன். அறுபத்தி மூணா இருக்கும்."

33/
1963. ஆராய்ச்சி வெளிவந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் செய்தி சேத்துப்பட்டுல இருந்து எங்க ஊருக்கு வந்து சேரலை. பாலும் பழமும் படம் மட்டும் டூரிங் டாக்கீஸ் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கு.

அதனாலதான் ஒரு படத்தைப் பத்தி எழுத வந்துட்டு இவ்வளவு எழுதிட்டேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பேர் சொல்லப்படாத அத்தையோ, சித்தப்பாவோ இருந்திருந்தா கமெண்ட்ல எழுதுங்க, பேர் வேண்டாம். ரெண்டு வாரமா இருமிட்டு இருக்கிற யாராவது பக்கத்துல இருந்தா இதைப் பகிர்றதோட விடாதீங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டுப் போங்க.